நாக்கைப் பார்த்தது போதும், பால் குடிப்பதைப் பாருங்கள்

மூத்தவளுக்கு நாக்கு ஒட்டியிருந்தது, அதாவது நாக்கை அடிவாயோடு இணைக்கும் சவ்வு குட்டையாக இருந்தது, அந்தச் சவ்வை வெட்டினோம். இளையவனுக்கும் அதே மாதிரி ஒட்டியிருந்தது, வெட்டவில்லை. இரண்டுமே சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். இதைச் சொன்னால் 'வெட்டியே ஆக வேண்டும்', 'வெட்டவே கூடாது' என்கிற இரண்டு கட்சிக்காரர்களும் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள்.

மூத்தவள் அழும்போது நாக்கு நுனியில் பள்ளம் விழுந்து இதய வடிவில் தெரியும். குடிக்கும்போது டக் டக்கென்று சத்தம் வரும், வாயோரம் பால் வழியும், முக்கால் மணி நேரம் குடித்த பிறகும் பசியில் கத்துவாள். என் காம்பு ஒரு பக்கமாக நசுங்கி, நுனி வெளுத்து வெளியே வரும். ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் அவளை மடியில் போடுவேன். "முதல் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். எடையோ ஏறவில்லை.

கடைசியில் தாய்ப்பால் ஆலோசகர் ஒருவர் வந்து, ஒரு வேளை முழுக்க நான் பால் கொடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பிள்ளையைப் பிடிக்கும் விதத்தை மாற்றச் சொன்னார். சில நாள் முயன்றும் தேறவில்லை என்றதும்தான் டாக்டரிடம் அனுப்பினார். பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத கோளாறு உண்டா என்று டாக்டர் விசாரித்தார். துணியில் சுற்றி, நாக்கைத் தூக்கி, கத்தரியால் ஒரு வெட்டு. சில நொடிதான். இரண்டு சொட்டு ரத்தம், உடனே மார்பில் போட்டுக்கொள்ளச் சொன்னார். அப்புறம் அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. சீழ் என்று நான் அலறியதுதான் மிச்சம், புண் ஆறும்போது அப்படித்தான் இருக்குமாம்.

இளையவன் கதை வேறு. வலியில்லை, எடையும் ஏறியது. வேறு வேலையாகப் போன ஒரு பல் கிளினிக்கில் அவன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு நாக்கு, மேலுதடு, கன்னம் மூன்றுக்கும் லேசர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு வராது என்றார்கள். அவன் பால் குடிப்பதை ஒரு நிமிடம்கூட யாரும் பார்க்கவில்லை!

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். 2017இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 5 ஆய்வுகளை, மொத்தம் 302 குழந்தைகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. வெட்டினால் தாயின் காம்பு வலி குறைகிறது, அதுவும் குறுகிய காலக் கணக்கில். குழந்தை நன்றாகக் குடிக்கிறதா என்பதில் எல்லா ஆய்வுகளும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. தாயின் வலி குறைவதே எனக்குப் பெரிய காரணம், அதை அற்பமாகப் பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. ஆனால் 'பேச்சு வராது' என்று பச்சைப் பிள்ளைக்காரியைப் பயமுறுத்துவது வேறு சங்கதி. வருங்காலப் பேச்சுக்காக இப்போதே வெட்டிவைக்கலாம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கத்தரியைவிட லேசர் மேல் என்பதற்கும் இல்லை. மேலுதட்டு மடிப்போ ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பதுதான்.

இளையவனுக்கு இப்போது நான்கு வயது. வாய் ஓயாமல் பேசுகிறான். கோன் ஐஸ்கிரீம் நக்கத்தான் கொஞ்சம் திண்டாடுகிறான், பாதி சட்டையில் வழிகிறது. அது பெரிய தொந்தரவாகத் தோன்றினால் வளர்ந்த பிறகு அவனே போய் வெட்டிக்கொள்ளட்டும்.