கானாவில் 1966-க்குப் பிறகும் தேர்தல் உண்டு

"1966-ல் அதிபர் நிக்ருமாவைக் கவிழ்த்த நாளிலிருந்து கானாவில் ராணுவ ஆட்சிதான்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. 1966, 1972, 1979, 1981 என்று ராணுவம் திரும்பத் திரும்ப ஆட்சியைப் பிடித்தது உண்மை. நடுவில் புசியா, லிமான் என இரண்டு சிவில் அரசுகளும் வந்து கவிழ்ந்தன. அப்புறம் நடந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்?

1992-ல் புதிய அரசியலமைப்பு வந்தது. 1981-ல் துப்பாக்கியோடு வந்த ராலிங்ஸ், இரண்டு தேர்தல்களில் வென்று, 2001 ஜனவரியில் எதிர்க்கட்சியின் குஃபூரிடம் அதிபர் பதவியை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

எனக்கு மறக்கவே முடியாதது 2008 அதிபர் தேர்தல். இரண்டாம் சுற்று முடிந்தும் டைன் என்ற ஒரே தொகுதியில் வாக்குப்பதிவு பாக்கி. நாடே அந்த ஊரைப் பார்த்துக் காத்திருந்தது. 2009 ஜனவரி 2-ல் அங்கே வாக்களித்தார்கள். 90 லட்சம் வாக்குகளில் சுமார் 40,000 வித்தியாசத்தில் எதிர்க்கட்சியின் அட்டா மில்ஸ் வென்றார். ஆளுங்கட்சி விலகியது, ராணுவம் முகாமைவிட்டு வரவில்லை.

2016-ல் பதவியில் இருந்த அதிபர் மகாமாவே தோற்றார், 2024-ல் மீண்டும் வென்றார். அந்த மக்கள் வரிசையில் நின்று சம்பாதித்ததை ஒரே வரியில் அழித்துவிடாதீர்கள்.