டெட் ஹீட் என்றால் கடும் போட்டி இல்லை

தேர்தல் கருத்துக்கணிப்பு வந்தாலே ஆங்கில சேனல்களில் "டெட் ஹீட்" என்று ஒரு பட்டை ஓடும். ஒரு கட்சி இரண்டு சதவீதம் முன்னால் இருந்தாலும் அதே பட்டைதான். கடும் போட்டி என்பதற்கு இன்னொரு பெயர் போல அதைப் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் யார் முந்தியது என்று பிரிக்கவே முடியாத சமநிலைக்குத்தான் அந்தப் பெயர். எனக்கு இது எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் இந்தச் சொல்லின் கதை அதைவிட சுவாரசியமானது.

இது இங்கிலாந்துக் குதிரைப் பந்தயத்தில் பிறந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பெரிய பந்தயங்கள் ஒரே ஓட்டத்தில் முடியாது. அதே குதிரைகள் ஒரே நாளில், ஒவ்வொரு முறையும் நான்கு மைல் அளவுக்கு, திரும்பத் திரும்ப ஓடும். நடுவில் வியர்வையைத் துடைக்கக் கொஞ்ச நேரம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இரண்டு ஓட்டம் ஜெயித்த குதிரைக்குப் பரிசு. அந்த ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பெயர் ஹீட். தடகளத்தில் இன்றும் தகுதிச் சுற்றை ஹீட்ஸ் என்கிறோமே, அது இதே சொல்தான். எது முந்தியது என்று நடுவரால் சொல்ல முடியாவிட்டால் அந்த ஓட்டம் செத்த ஓட்டம், கணக்கில் வராது, மறுபடி ஓடு. அதாவது தொடக்கத்தில் டெட் ஹீட் என்றால் இருவரும் ஜெயித்தார்கள் என்று அர்த்தமே இல்லை, யாருமே ஜெயிக்கவில்லை!

1828 எப்சம் டெர்பியில் இப்படித்தான் காட்லண்ட், தி கர்னல் என்ற இரண்டு குதிரைகளையும் மறுபடி ஓடவிட்டார்கள், காட்லண்ட் ஜெயித்தது. 1884இல் அதே டெர்பியில் செயின்ட் கேட்டியனும் ஹார்வெஸ்டரும் சமமாக வந்தபோது உரிமையாளர்கள் பரிசைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது. (புக்கிகளும் பங்குதான் போடுவார்கள், ஆனால் தங்கள் பாணியில். நீங்கள் கட்டிய பணத்தில் பாதிக்கு மட்டும் லாபம், மீதிப் பாதி போச்சு.)

1877 ஆக்ஸ்ஃபோர்டு - கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியும் டெட் ஹீட். நடுவர் ஜான் ஃபெல்ப்ஸ் குடித்துவிட்டுப் புதருக்கடியில் தூங்கினார் என்று கிளப்பிவிட்ட கதையை இன்றும் சொல்கிறார்கள். பாவம் கிழவர். எல்லையைக் காட்ட ஒழுங்கான கம்பம்கூட இல்லாமல் ஆற்றில் அவர் வேறு என்ன செய்திருக்க முடியும்? அடுத்த வருடம்தான் கம்பம் நட்டார்கள்.

சரி, இப்போதுதான் கேமரா இருக்கிறதே என்பார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் மெட்லி நீச்சலில் ஸ்வீடனின் குன்னர் லார்சன் அமெரிக்காவின் டிம் மெக்கீயை நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் வென்றார். தூரமாகப் பார்த்தால் சுமார் 3 மில்லிமீட்டர். நீச்சல் குளத்தின் ஒரு பாதைக்கும் அடுத்த பாதைக்கும் நீளத்தில் அதைவிட அதிக வித்தியாசம் இருக்கலாம், அப்புறம் எதை அளந்தோம்? அதன் பிறகு நீச்சலில் நூறில் ஒரு பங்கோடு நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் 2016 ரியோவில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸ், சாட் லெ க்ளோஸ், லாஸ்லோ செ மூவருக்கும் 51.14 நொடி, மூவருக்கும் வெள்ளி. இதைக் கேலி செய்தவர்களும் உண்டு. கருவிக்கு எதுவரை தெரியுமோ அதுவரைதான் தீர்ப்பு சொல்ல வேண்டும், அதில் கேலிக்கு என்ன இருக்கிறது?

பங்கு போடவே முடியாத இடமும் இருக்கிறது என்பது உண்மை. 2012 அமெரிக்க ஒலிம்பிக் தேர்வில் பெண்கள் 100 மீட்டர் ஓட்டத்தில் அலிசன் ஃபெலிக்ஸ், ஜெனிபா டார்மோ இருவரும் 11.068 நொடியில் மூன்றாவது. லண்டன் போக மூன்று பேருக்குத்தான் இடம், சமமாக வந்தால் என்ன செய்வது என்று விதியே எழுதி வைத்திருக்கவில்லை. முதலில் டார்மோதான் மூன்றாவது என்று அறிவித்துவிட்டு, பிறகு மாற்றி, கடைசியில் அந்தக் காலக் குதிரைகள் மாதிரி இருவரும் மறுபடி ஓடலாம் என்றார்கள். டார்மோ விலகிக்கொண்டார். நானாக இருந்தாலும் விலகியிருப்பேன். அவர் தொடர் ஓட்ட அணியோடு லண்டன் போய், தகுதிச் சுற்றில் ஓடி, தங்கத்தோடு திரும்பினார்.