சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள்

போன மாதம் ஒரு மழை இரவில் சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து ஈசூனுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற டாக்சிக்காரர் கண்ணாடியை இறக்கி, என் காரின் பின்பக்கத்தைக் கைகாட்டினார். இறங்கிப் பார்த்தால் டெயில் லைட் இரண்டும் எரியவில்லை, நம்பர் பிளேட் லைட்டும் எரியவில்லை. அந்த மழையில் பின்னால் வருபவர் கண்ணுக்கு நான் தெரிந்திருக்கவே மாட்டேன். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மறுநாள் ஒரு வொர்க்‌ஷாப்பில் புது ஃபியூஸ் போட்டார்கள். நாலே நாளில் அதுவும் போனது. திரும்பப் போனேன். இந்தத் தடவை போட்டது தாங்கியது, நானும் நிம்மதியாக இருந்தேன்.

காக்கி புக்கிட்டில் கார் எலக்ட்ரீஷியனாக வேலை பார்க்கும் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் வேறு எதற்கோ ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். "அண்ணே, சிவப்பு இருக்க வேண்டிய இடத்துல மஞ்சள் இருக்கே, யார் போட்டது?" சிவப்பு 10 ஆம்பியர், மஞ்சள் 20. அந்த 10 என்பது வயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வைத்த அளவு. பெரிய ஃபியூஸ் போட்டால் ஷார்ட், அதாவது வயர் படக்கூடாத இடத்தில் பட்டுக் கரண்ட் அளவுக்கு மீறிப் பாய்வது, சரியாகிவிடாது. ஃபியூஸுக்குப் பதிலாக வயர் சூடாகும், உருகும், பக்கத்து வயரையும் சேர்த்துக் கெடுக்கும். வேலை தெரிந்தவர்கள் இதைச் செய்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தம்பி முதலில் கேட்டது ஒரே கேள்வி: "ரெண்டு தடவையும் எப்போண்ணே போச்சு?" யோசித்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் தேக்காவில் காய்கறி வாங்கி பின்னால் பூட்டில் (டிக்கியில்) ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிறகு. வொர்க்‌ஷாப்பில் யாரும் இதைக் கேட்கவே இல்லை.

டெயில் லைட், நம்பர் பிளேட் லைட் என்று அந்த லைனில் இருந்த பல்பு எல்லாவற்றையும் கழற்றினார். அதைச் செய்யாமல் மீட்டர் வைத்தால் ஏமாந்துபோவோமாம். 21 வாட் பல்பு எரியும்போது ஏழு ஓம் அளவுக்குத் தடை காட்டும், குளிர்ந்திருக்கும்போது ஓர் ஓமுக்கும் குறைவு. நல்ல பல்பே ஷார்ட் மாதிரி தெரியும். அப்புறம் ஃபியூஸை எடுத்துவிட்டு, அந்த இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு 21 வாட் பல்பை மாட்டி லைட் ஸ்விட்சைப் போட்டார். பல்புகளே இல்லாத லைனில் அது எரியக்கூடாது. எரிந்தால் வயர் எங்கேயோ காரின் இரும்பு பாடியைத் தொடுகிறது என்று அர்த்தம். ஷார்ட் இருந்தாலும் அந்தப் பல்பு கரண்டை இரண்டு ஆம்பியருக்குள் அடக்கிவிடும், நிதானமாகத் தேடலாம்.

பல்பு எரியவில்லை. பூட் மூடியை மெதுவாகத் தூக்கச் சொன்னார். பாதி உயரத்தில் பளிச்சென்று எரிந்தது. இன்னும் கொஞ்சம் தூக்கினேன், அணைந்தது. கீல் பக்கத்தில் வயர்களை மூடியிருந்த ரப்பர் குழாயை உருவினார். பத்து வருடத்துக்கு மேல் மடங்கி மடங்கி ஒரு வயரின் தோல் வெடித்து, பச்சை பூத்த செம்பு வெளியே தெரிந்தது. ஒரு சோற்றுப் பருக்கை அளவு இடம், அவ்வளவுதான். பழைய துண்டை வெட்டி எடுத்துவிட்டு, நன்றாக வளையும் புது வயரை சால்டர் செய்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாய் மாட்டி மூடினார். மஞ்சளை எடுத்துவிட்டுச் சிவப்பைச் செருகினார்.

இங்கே சிஓஇயைப் (கார் வைத்திருக்க அரசு தரும் பத்து வருட உரிமத்தை) புதுப்பித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டுபவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த வயதில் கீல், கதவு ஓரம் மாதிரி மடங்கும் இடங்களில்தான் வயர் முதலில் போகும். ஆனால் வொர்க்‌ஷாப்பை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. புதுப் பாகத்துக்கு 300 வெள்ளி என்றால் கொடுக்கிறோம். "இரண்டு மணி நேரம் தேடினேன், பாகம் எதுவும் மாற்றவில்லை, 120 வெள்ளி" என்றால் முகம் சுளிக்கிறோம். தேடுவதுதானே இங்கே வேலையே? அதற்குக் காசு கொடுக்க நாம் தயாராக இல்லை என்றால், பெரிய ஃபியூஸ்தான் கிடைக்கும்.

இன்று இரவு கார்ப்பார்க்கில் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். எந்த இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று மூடியிலோ கார் கையேட்டிலோ இருக்கும். பொருந்தாமல் ஏதாவது இருந்தால் படம் எடுத்துக் கமெண்டில் போடுங்கள், தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன்.