முதல் நாளே எடுத்த படம்

நேற்று மாலை நம்மில் பலரும் பார்த்து, சிலர் ‘ஆமென்’ போட்டு, சிலர் பகிர்ந்து, இரவோடு இரவாகச் சத்தமில்லாமல் நீக்கப்பட்ட அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தச் சபையிலிருந்து நேபாளத்துக்கு ஊழியம் செய்யப் போனார்கள், யார் யார் போனார்கள் என்று சொல்லப்போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். காத்மாண்டுவில் விமானம் இறங்கி நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஏழு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் திணித்து, நம்மூரில் அச்சடித்துக் கொண்டுபோன பேனரைப் பின்னால் கட்டி, ‘இருளின் தேசத்தில் முதல் நாள்’ என்று தலைப்பும் போட்டுவிட்டார்கள். வலது ஓரத்தில் நிற்கும் பையன் அந்த பாக்கெட்டாலேயே முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறான். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தவன் அவன் ஒருவன்தான்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. போய் இறங்கும் முதல் நாள் நம்முடைய நாள் அல்ல. அது அந்த வீட்டுக்காரர்களின் நாள். அன்றைக்கு அவர்கள் சொல்வதைக் கேட்கவேண்டும், போட்டதைச் சாப்பிடவேண்டும், கைப்பேசியைப் பைக்குள் வைத்திருக்கவேண்டும்.

இதை வெறும் நாகரிக உபதேசமாக எடுத்துக்கொள்ளவேண்டாம். நேபாளத்தின் 2015-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி அதற்கு 5 ஆண்டுகள் வரை சிறை உண்டு. அந்தச் சட்டம் சரியா தவறா என்பது வேறு வழக்கு. ஊர்ப்பெயரோடு ஆலயப் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரியும்படி அங்குள்ள சபையின் போதகரை நடுவில் நிறுத்திப் படமெடுத்து ஊரறியப் போட்டவர்கள் பத்தாம் நாள் விமானம் ஏறிவிடுவார்கள். அவர் அங்கேதான் குடியிருக்கவேண்டும். படம் எதுவும் போடவேண்டாம் என்று அவர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டதாகவும் அறிகிறேன்.

இதைச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நானும் அதே தவற்றைச் செய்தவன் என்பதுதான் என் யோக்கியதை. 2015 ஏப்ரல் பூகம்பத்துக்குப் பிறகு, நிவாரணம், ஊழியம் என்று சொல்லிக்கொண்டு 2016 ஜனவரியில் நாங்கள் ஒன்பது பேர் போனோம். இந்திய எல்லையில் லாரிகள் வராமல் நின்று, சமையல் எரிவாயு கிடைக்காமல் காத்மாண்டுவே திண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. வெள்ளி இரவு போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமை ஓய்வு, ஞாயிறு ஆராதனை என்பது எங்கள் திட்டம். அங்கே வார விடுமுறை சனிக்கிழமை, ஆகவே சபை கூடுவதும் சனிக்கிழமைதான் என்பதை நாங்கள் ஒருவரும் விசாரித்திருக்கவில்லை. காலையில் ஜனங்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே காத்துக்கொண்டிருந்தபோது நாங்கள் குளிக்க வெந்நீர் கேட்டுக்கொண்டிருந்தோம். போதகரின் மனைவி முகம் சுளிக்காமல், இடிந்துபோன வீட்டின் கதவு நிலைகளை உடைத்து அடுப்பில் வைத்து ஒன்பது பேருக்கும் வெந்நீர் போட்டுக் கொடுத்தார். வீட்டிலிருந்த பஞ்சு மெத்தைப் போர்வைகளையெல்லாம் முந்தின இரவே எங்களுக்குக் கொடுத்துவிட்டு, ஆலயத்தின் தரைவிரிப்பைப் போர்த்திக்கொண்டுதான் அவர்கள் குடும்பமே அடுக்களையில் படுத்திருந்தது. காலையில் அவர்களுடைய மகன் அந்த விரிப்பைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்கு நடந்தான். அதன்மேல் நின்றுகொண்டுதான் நான் தியாகத்தைப் பற்றிச் சாட்சி சொன்னேன், நாற்பது நிமிடம்.

படம் போட்டால்தானே காணிக்கை வரும் என்று ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். இது நியாயமான கேள்வி, இரவெல்லாம் யோசித்தேன். என் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார். 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் இப்படிப்பட்ட பிடியரிசிக் காணிக்கையில் வளர்ந்தது என்று பெருமை பேசுகிறோமே, அம்மா எந்தப் பிள்ளையின் படத்தைப் பார்த்துவிட்டு அரிசி போட்டார்? வீட்டில் அரிசி குறைந்த மாதங்களிலும் அந்த பாட்டிலில் கைவைக்க விட்டதில்லை. அந்த அரிசிதான் இன்றைக்குப் பேனராகவும் விமான டிக்கெட்டாகவும் ஆகியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. எரியக்கூடாது என்றால் எப்படி?

முதல் நாளே ஊழியத்தைத் தொடங்காமல் சும்மா இருக்கச் சொல்கிறாயா என்கிறார் இன்னொருவர். 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, சிறுபிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்தார். வந்தவுடன் பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்ததாக நான் படித்ததில்லை.

அணியில் இடம் கிடைக்காத பொறாமையில் எழுதுகிறேன் என்றும் ஒரு பேச்சு. என் பெயர் பட்டியலில் இருந்ததும், கடைசி வாரம் எடுக்கப்பட்டதும் உண்மை. ஏன் எடுத்தீர்கள் என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை, கேட்கப்போவதுமில்லை. ஆனால் படத்தை எடுத்துவிடுங்கள் என்று ஒரே ஒரு வரி எழுதியதற்காகப் பதினொரு ஆண்டுகள் ஞாயிறு பள்ளி நடத்திய என்னை வாலிபர் குழுவிலிருந்து நீக்கியதற்கு மட்டும் யாராவது காரணம் சொல்லலாம்.

வெள்ளாளன்விளையில் பிறந்து, பிற்பாடு ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா, 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் நின்று, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேராகக் கேட்டார். அந்தப் பேச்சை ஆண்டுதோறும் மேடையில் சொல்லிப் புல்லரித்துப்போகிறவர்கள் நாம். இப்போது நேபாளத்துப் போதகர் ஒருவர் நம்மிடம் அதைக் கேட்டால், பேனரின் எந்தப் பக்கம் நின்று பதில் சொல்வோம்?

படத்தை நீக்கிவிட்டோம், இனிமேல் இதைப் பேசவேண்டாம் என்று செயலாளர் குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். ஆனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இன்று காலை வரை அந்தப் படம் இருந்தது. இன்று அவர்களுக்கு இரண்டாம் நாள். சூரிய உதயம் பார்க்க காத்மாண்டுவுக்குப் பக்கத்து மலையூரான நகர்கோட் போயிருக்கிறார்கள். அந்தப் படமும் வந்துவிட்டது. பனிமலை நன்றாகவே விழுந்திருக்கிறது.