பெட்டியில் இருக்கும் ‘டிராம்’ வெடிமருந்தின் எடை அல்ல

அமெரிக்க ஷாட்கன் தோட்டாப் பெட்டியில் ‘3 டிராம் ஈக்விவலென்ட்’ என்று இருந்தால், வீட்டில் மறுபடி நிரப்பும்போது எந்த வெடிமருந்தானாலும் 3 டிராம் (டிராம் என்பது ஒரு பழைய எடை அளவு) போடலாம் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார்.

நண்பரே, அது எடை அல்ல, வேக ஒப்பீடு. 3 டிராம் கருமருந்து (புகை கக்கும் பழைய வகை வெடிமருந்து) தோட்டாவில் உள்ள அதே எடைச் சிறு குண்டுகளை என்ன வேகத்தில் தள்ளுமோ, ஏறக்குறைய அந்த வேகம் இந்தத் தோட்டாவிலும் கிடைக்கும் என்பதுதான் பொருள். கருமருந்தில் பழகியவர்களுக்குப் புரியட்டும் என்று, அதற்குப் பின் புகையற்ற மருந்து வந்த காலத்தில் தொடங்கிய வழக்கம் இது. பல பெட்டிகளில் வேகமும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும்.

சரி, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பவுண்டுக்கு 256 டிராம், 7000 கிரெயின். அப்படியானால் 3 டிராம் என்பது சுமார் 82 கிரெயின். அப்புறம், புகையற்ற மருந்து தயாரிப்பாளர்கள் இலவசமாக வெளியிடும் அட்டவணையைத் திறந்து, 12 போர் (துப்பாக்கிக் குழாயின் அளவு), ஒன்றே அரைக்கால் அவுன்ஸ் குண்டு எடை உள்ள வரிசையைப் பாருங்கள். பல மருந்துகளுக்கு 20 கிரெயினை ஒட்டித்தான் இருக்கும். நாலு மடங்கு போட்டால் குழாய் வெடித்துவிடும், கை போய்விடும். யாராவது அதை நம்பி நிரப்புவதற்குள் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.