பெரிய ரோட்டார் எந்த மவுண்டன் பைக்குக்கும் பொருந்துமா?

"203 மி.மீ. டிஸ்க் ரோட்டாரை எந்த மவுண்டன் பைக்கிலும் மாட்டலாம், பெரிதாக இருந்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கும்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. ரோட்டார் என்பது சக்கரத்தோடு சுழலும், பிரேக் கவ்விப் பிடிக்கும் உலோகத் தட்டு. இந்தத் தகவலில் பாதிதான் உண்மை, மீதிப் பாதி ஆபத்தானது.

லீவரை அதே அழுத்தத்தில் பிடித்தால், 160-ஐ விட 203 சுமார் கால் பங்கு கூடுதல் பிடிப்பைத் தரும். பிடிக்கும் இடம் சக்கரத்தின் மையத்திலிருந்து தள்ளிப் போவதே காரணம். நீண்ட இறக்கத்தில் சூடும் குறைவாக ஏறும். சரி, இதுவரை உண்மை.

ஆனால் அந்தக் கூடுதல் விசையை ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) ஃபிரேமும்தான் தாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் ஓர் உச்ச அளவு வைத்திருப்பார். அதை மீறினால் விரிசல் விடலாம், முன்சக்கரத்தில் அப்படி நடந்தால் விழுவது நீங்கள்தான். தயவுசெய்து கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அளவு மாறினால் காலிப்பரை (ரோட்டாரைக் கவ்வும் பாகம்) சரியான இடத்தில் பொருத்த ஏற்ற அடாப்டரும் வேண்டும்.

பின்சக்கரத்துக்கும் அதே பெரிய அளவு கட்டாயமில்லை. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பின்டயர் எளிதில் பூட்டிக்கொள்ளும், அதாவது சுழலாமல் நின்று வழுக்கும். முன்னால் 180, பின்னால் 160 பலருக்குப் போதும். உடல் எடை அதிகமுள்ளவர்கள், செங்குத்தான இறக்கங்களில் ஓட்டுபவர்கள் ஃபோர்க் அனுமதித்தால் 203-க்குப் போகலாம்.