பேய் எங்கே என்று கேட்பவர்களுக்கு

ஷேர்லி ஜக்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1959 இல் வெளியிட்ட 'த ஹோன்டிங் ஒஃப் ஹில் ஹவுஸ்' என்ற நாவலைப் பற்றி எங்கள் வாசிப்பு வட்டத்திலும், அதற்கு வெளியே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உள்ள நண்பர்களிடமும் கேட்ட கருத்துகள் பெரும்பாலும் இரண்டு குறைகளில் வந்து நிற்கின்றன. "பேய் வீட்டுக் கதை என்றீர்கள், பேய் எங்கே?" என்பது ஒன்று. "நாங்கள் பார்க்காத பயங்கரமா, எங்களுக்கு ஏன் பேய்க்கதை?" என்பது மற்றது. இவற்றைச் சொன்னவர்கள் நல்ல வாசகர்கள்தான். ஆனாலும் இரண்டோடும் எனக்கு உடன்பாடில்லை. முகநூல் பின்னூட்டத்தில் எழுதி முடிக்கக்கூடிய மறுப்பு இல்லை என்பதால் தனிப்பதிவாகவே எழுதுகிறேன்.

வாசிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். மொன்டேகு என்ற கலாநிதி, ஆவி நடமாட்டம் உண்டு என்று பெயரெடுத்த ஒரு பழைய மாளிகையைக் கோடைகாலத்துக்கு வாடகைக்கு எடுத்து, முன்னர் விளக்கமுடியாத அனுபவம் எதையாவது சந்தித்தவர்களுக்குக் கடிதம் போட்டு அழைக்கிறார். எலினோர், தியோடோரா என்ற இரண்டு பெண்கள் மட்டுமே வந்து சேர்கிறார்கள். வீட்டு உரிமையாளர் குடும்பத்தின் சார்பில் லூக் என்ற இளைஞனும் உடன் தங்குகிறான். எலினோருக்கு 32 வயது. நோயாளியான தாயை 11 வருடங்கள் பராமரித்து, தாய் இறந்த பின்னர் அக்காவின் வீட்டில் ஒதுக்கிக் கொடுத்த ஒரு கட்டிலில் படுத்தெழும்புபவள். இருவரும் காசு போட்டு வாங்கிய காரை, தரமாட்டேன் என்று அக்கா சொன்ன பிறகும் எடுத்துக்கொண்டு புறப்பட்டு வருகிறாள். நாவலின் முடிவையும் கீழே பேசப்போகிறேன். இனிமேல்தான் வாசிக்கப்போகிறேன் என்பவர்கள் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

எங்களில் பலருக்கு ஆங்கிலத்தில் வாசிப்பது சிரமமாக இருந்ததால், அதிகாரம் அதிகாரமாக ஒருவர் தமிழில் சொல்ல மற்றவர்கள் கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களுள் ஒருவர் மேசன் வேலை செய்யும் ஐயா. போர் முடிந்து மீள்குடியேற்றத்தின் பின்னர் வந்த வீட்டுத்திட்டங்களில் எத்தனையோ வீடுகளுக்குச் சுவர் எழுப்பியவர். ஹியூ கிரேன் என்பவன் கட்டிய அந்த மாளிகையில் ஒரு மூலைகூடச் சரியான செங்கோணத்தில் இல்லை என்றும், பிசகு ஒவ்வொன்றும் ஒரு பாகையின் சிறு பங்குதான் என்றும், படிக்கட்டுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் சரிந்திருக்கின்றன என்றும், கதவுகள் தாமாகவே சாத்திக்கொள்வதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்றும் மொன்டேகு விளக்கும் பகுதி வந்தபோது அவர் உடனே சொன்னார்: "அது பேய் இல்லை, தம்பி. நிலை வைக்கேக்கை தூக்குப் பாக்கேல்லை." எல்லோரும் சிரித்தோம். சற்று நேரம் கழித்து அவரே கேட்டார்: "மனையடி பாத்தவங்களோ?"

இந்த இரண்டு வசனங்களுக்குள் நாவலின் பாதி இருக்கிறது என்று நினைக்கிறேன். தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் விளக்கம் கிடைத்துவிடுகிறது. ஆனால் விளக்கம் கிடைத்த பின்னரும் அந்த வீட்டில் படுக்க மனம் வருவதில்லை. சாத்திரியாரைக் கூப்பிட்டு நிலையம் எடுக்காமல் ஒரு கல்லும் வைக்காத ஆட்கள் நாங்கள். அளவு பிசகிய வீட்டில் ஒருவரும் சாகாமலே, யாருடைய ஆவியும் நுழையாமலே, குடியிருப்பவருக்குத் தீமை வரும் என்பது எங்கள் பாட்டன்மாருக்குச் சாதாரணமான நம்பிக்கை. அதை நீங்கள் நம்பவேண்டியதில்லை. நானும் முழுவதாக நம்புகிறேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் பேயில்லாமலும் ஒரு வீடு கெட்டதாக இருக்கலாம் என்ற கற்பனை எங்களுக்குப் புதியதன்று. இந்த வீடு தொடக்கத்திலிருந்தே கெட்டதா, குடியிருந்தவர்களால் கெட்டதா என்ற கேள்விக்குத் தன்னிடம் பதிலில்லை என்று மொன்டேகுவே ஒப்புக்கொள்கிறார். நாவலின் அச்சம் அந்தப் பதிலின்மையில் இருக்கிறது.

பேய் எங்கே என்று கேட்பவர்களின் மனக்குறை எனக்கு விளங்காமல் இல்லை. எங்கள் ஊர்ப் பேய்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. அதற்கு இடம் உண்டு, நேரம் உண்டு. உச்சி உருமத்தில் கிணற்றடிக்குப் போகாதே, இருட்டிய பின் அந்தப் புளியமரத்தைக் கடக்காதே என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அது இன்னாருடைய ஆவி, இன்ன காரணத்தால் அலைகிறது என்ற கதையும் உண்டு. கடைசியில் பரிகாரமும் உண்டு: பார்வை பார்த்து, நூல் கட்டி, வைரவருக்கு ஒரு மடை போட்டால் காரியம் முடிந்துவிடும். ஜக்சன் இந்த மூன்றையும் தருவதுபோலத் தந்து பறித்துவிடுகிறார். ஹியூ கிரேனின் முதல் மனைவி அந்த வீட்டைக் கண்ணால் காணுமுன்பே வளவுக்குள் வண்டி கவிழ்ந்து இறக்கிறாள். பின்னாளில் அந்த வீட்டில் இருந்த இன்னொரு பெண் தூக்குப்போட்டு இறக்கிறாள். ஆவியாக வருவதற்கு ஆட்கள் போதும். ஆனால் இரவில் கதவைத் தட்டுவது அவர்களுள் யார் என்று நாவல் ஓரிடத்திலும் சொல்வதில்லை. யாரென்று தெரியாவிட்டால் யாருக்கு மடை போடுவது?

எலினோர் ஏன் அழைக்கப்பட்டாள் என்ற பகுதி எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் உடனே பிடிபட்டது. அவளுக்கு 12 வயதாக இருக்கும்போது, தகப்பன் இறந்து ஒரு மாதமளவில், மூன்று நாட்களுக்கு அவர்களுடைய வீட்டின் மேல் கல் விழுகிறது. தாய் அயலவர்களைச் சந்தேகிக்கிறாள். சகோதரிகள் இருவரும் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள். வன்னியில் இந்தக் கதை இல்லாத கிராமம் உண்டா? வீட்டுக்குக் கல் விழுந்தால் முதலில் வேலிச் சண்டையில் உள்ள பக்கத்து வளவுக்காரரை நினைப்போம். பிறகு செய்வினை என்போம். கடைசியில், வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளை இருந்தால் எல்லோருடைய கண்ணும் மெதுவாக அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பும். கல்லை எறிந்தது எலினோரின் மனமாக இருக்கலாம் என்ற சாத்தியத்தை ஜக்சன் மிகவும் சிக்கனமாகத் தொட்டுவிட்டுப் போகிறார். இங்கே கவனமாக வாசித்தவர்கள் பின்னால் பேயைத் தேடமாட்டார்கள்.

திரைப்படங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. றொபேர்ட் வைஸ் 1963 இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் எதையும் காட்டாமலே பயமுறுத்தியது. 1999 இல் வந்தது எல்லாவற்றையும் காட்டிக் கெடுத்தது. 2018 இல் நெட்பிளிக்ஸில் வந்த தொடர் பெயர்களையும் வீட்டையும் எடுத்துக்கொண்டு வேறொரு குடும்பக் கதையைச் சொல்கிறது. அது நல்ல தொடர்தான், ஆனால் அதைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வந்த இளையவர்கள்தான் அதிகமாக ஏமாந்திருக்கிறார்கள். குழந்தைகள் தங்கும் அறையின் வாசலில் மட்டும் எலும்பை உறையவைக்கும் குளிர் நிற்கிறது என்று நாவலில் வரும் இடத்தைக் கேட்டுவிட்டு, சித்திரை வெயிலில் அந்த வாசலில் ஒரு பாய் விரித்துப் படுக்கலாம் என்று அவர்களுள் ஒருவர் பகிடி விட்டார். பகிடி நல்லதுதான்.

இனி இரண்டாவது குறை. எல்லாவற்றையும் பார்த்துவிட்ட எங்களுக்கு இனி எதைக் கண்டும் பயமில்லை என்பது, வெளியிலிருந்து வந்து போகிறவர்கள் எங்களைப் பற்றி எழுதும் வசனம். அதை நாங்களே எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஹெலிச் சத்தம் கேட்டால் இன்றும் கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். பெரிய பயத்தைக் கண்டவருக்குச் சிறிய பயங்கள் இல்லாமல் போவதில்லை. இதற்கு நேர்மாறாக, இந்த மாளிகையே போருக்குப் பிந்திய வன்னியின் குறியீடு என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அதையும் என்னால் ஏற்கமுடியவில்லை. எழுதியவர் 1965 இலேயே, 48 வயதில் இறந்துபோனவர். எங்களைப் பற்றி இந்த நாவலில் ஒரு வரியும் இல்லை. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த சில விடயங்கள் அதில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

அவற்றுள் ஒன்று கதவு. நாவலில் மிகவும் பேசப்படும் இரவில் எலினோரும் தியோடோராவும் ஓர் அறைக்குள் இருக்க, வெளியே ஏதோ ஒன்று ஒவ்வொரு கதவாக அடித்துக்கொண்டு வருகிறது. பிறகு அவர்களுடைய கதவைத் தடவுகிறது, நிலையின் ஓரங்களைத் தட்டிப் பார்க்கிறது. இதைக் கேட்ட ஓர் அக்கா, மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தறப்பாளின் கீழும், பின்னர் திட்டக் காசு முடிந்து கதவு போடமுடியாமல் சீலை கட்டித் தொங்கவிட்ட வீட்டிலும் இருந்தவர், "அதுகளுக்கு நல்ல பலகைக் கதவாவது இருந்திருக்கு" என்றார். 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கொடுத்தார்கள்; சுவரும் கூரையும் முடியும்போதே கைக்காசும் கடன்காசும் தீர்ந்தவர்களை எல்லோரும் அறிவோம். அந்த அக்கா நாவலைக் குறைசொல்லவில்லை. அடுத்த நாள் அந்தப் பகுதியைத் திரும்பவும் சொல்லும்படி கேட்டவரும் அவர்தான்.

மற்றது, தட்டும் சத்தம். அன்றிரவு அரைத்தூக்கத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்கும் எலினோர், அம்மா கூப்பிடுகிறார் என்றுதான் முதலில் நினைக்கிறாள். பின்னால் ஓரிடத்தில் அதன் காரணம் வருகிறது: தாய் இறந்த இரவில் சுவரில் தட்டி அவளைக் கூப்பிட்டிருக்கிறார், அவள் எழும்பவில்லை. உண்மையிலேயே நித்திரையாக இருந்தேனா, அல்லது எழும்பிக் கேட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துவிட்டேனா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. எங்கள் வட்டத்தில் தாயை நெடுங்காலம் படுக்கையில் வைத்துப் பார்த்த ஒருவர் இருக்கிறார். அவர் ஆங்கிலத்திலேயே வாசித்தவர். அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனதாகச் சொன்னார். நாவல் பயமுறுத்தவில்லை என்று சொன்னவர்களின் கருத்தையும் அவருடைய கருத்தையும் ஒரே தராசில் வைக்க நான் ஆயத்தமில்லை. நோயாளியைப் பார்ப்பவர்களுக்கு ஏற்படும் களைப்பு, அந்தக் களைப்பின் நடுவே ஒரு கணம் வந்துபோகும் வெறுப்பு, அதற்காகப் பிறகு வாழ்நாள் முழுதும் சுமக்கும் குற்றவுணர்வு ஆகியவற்றை ஒரு பேய்க்கதைக்குள் இவ்வளவு அடக்கமாக வைத்த வேறொன்றை நான் வாசித்ததில்லை. வீடு அவளைத் துரத்துவதில்லை. அவளுடைய பெயரைச் சுவரில் எழுதி, வரும்படி அழைக்கிறது. சொந்தமாக ஒரு கட்டில்கூட இல்லாதவளுக்கு அந்த அழைப்பு எவ்வளவு இனிக்கும் என்பது விளங்கினால்தான் நாவல் பயமுறுத்தும்.

மொன்டேகுவின் மனைவி வந்து சேரும் பிற்பகுதி கதையின் இறுக்கத்தைக் கெடுக்கிறது என்ற குறையில் மட்டும் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு. நகைச்சுவை சில இடங்களில் நீண்டுவிடுகிறது. ஆனாலும் அந்த அம்மையார் ஆவிகளோடு பேசுவதற்கென்றே கருவியும் கையுமாக வந்தவர். மற்ற நால்வரும் ஓர் அறைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும் அதே இரவில் அவருக்கு ஒன்றுமே தெரியாமல் போகிறது. பேயைக் காட்டு என்று கேட்கும் வாசகர்களுக்கு ஜக்சன் நாவலுக்குள்ளேயே ஓர் ஆசனம் போட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

எங்களுக்குள் உண்மையான சண்டை வந்தது முடிவில்தான். ஓரிரவு எலினோர் நூலகக் கோபுரத்தின் இரும்புப் படிகளில் ஏறி விழப்போகும் நிலையில் நிற்கிறாள். லூக் ஏறிப் போய் இறக்குகிறான். மறுநாள் காலை அவளை வீட்டுக்கு அனுப்புவது என்று மொன்டேகு முடிவெடுக்கிறார். தனக்கென்று வீடு இருப்பதாகச் சொன்னதெல்லாம் பொய், போக இடமில்லை என்று அவள் சொல்கிறாள். அதன் பிறகும் அனுப்புகிறார்கள். இந்த இடத்தின் நினைவு தொடரக்கூடாது என்று துணைக்கு ஒருவரையும் விடாமல் அனுப்புகிறார்கள். அவள் காரை வளவின் திருப்பத்திலுள்ள மரத்தில் கொண்டுபோய் மோதுகிறாள். கடைசி நொடியில், ஏன் இதைச் செய்கிறேன், ஏன் ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை என்று நினைக்கிறாள்.

மொன்டேகு செய்தது சரி, ஆபத்திலிருந்து அவளை அகற்றவேண்டியது அவருடைய கடமை என்று ஓர் ஆசிரியர் வாதாடினார். எனக்கோ, முழு நாவலிலும் ஹில் ஹவுஸ் செய்த எதையும்விட இந்த நல்ல மனிதர்கள் செய்ததே கொடியதாகப் படுகிறது. எங்கள் ஊரில் பயந்த ஆளைத் தனியே விடமாட்டோம். செத்த வீட்டிலிருந்து திரும்பும் ஒருவரை இருட்டில் தனியே அனுப்பமாட்டோம். ஒன்றும் இல்லாவிட்டால் கையில் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து ஒரு சின்னப் பொடியனையாவது கூட அனுப்புவோம். மேசன் ஐயா இந்த விவாதத்தில் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்தப் பொடியன் லூக் கூட ஏறிப் போயிருக்கலாமே, காரிலை இடம் இல்லையோ?" ஆசிரியரிடம் இதற்கு இன்னும் பதில் இல்லை. மொன்டேகுவின் பக்கம் நிற்பவர்கள் வேறு யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள்.